காக்காவின் ஸ்டிக்கில் ரெண்டு நூல் வளைவு

சாப்பாட்டு மேசைக் கண்ணாடி மேல் ஸ்நூக்கர் ஸ்டிக்கை வைத்து மெதுவாக உருட்டினேன். நேரான கம்பு என்றால் ஒரே சீரான சத்தத்தோடு ஓடும். இது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நடுவில் எழும்பி, முனையை ‘டக்’கென்று கண்ணாடியில் தட்டியது. நான்கு சுற்று, நான்கு தட்டு. சந்தேகத்துக்கே இடமில்லை.

ஸ்டிக் என் காக்காவுடையது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். துபாயில் சேர்ந்த இரண்டாம் வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. 57 அங்குல நீளம், 18 அவுன்ஸ் எடை, அதாவது 510 கிராம் போல. முக்கால் ஜாயின்ட்; கைப்பிடிப் பக்கம் கால் பங்கு தனியாகக் கழன்று வரும். அந்தக் கால் பங்கு கருங்காலி, முன்பக்க முக்கால் பங்கு ஆஷ் மரம். முனையில் பித்தளைப் பூண், அதன்மேல் ஒன்பதரை மில்லிமீட்டர் அகலத்தில், பந்தைத் தொடுகிற தோல் டிப். போன தடவை லீவில் வந்தபோது கீழக்கரை வீட்டில் விட்டுப் போனார். “ஹஜ் பெருநாளைக்கு வர்றேன், ஸ்டிக்கை எடுத்து வை, ஆடணும்” என்று ஏப்ரலில் போன் செய்தபோதுதான் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தேன். ஒன்றரை வருடம் அங்கே சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது. உறையில் போட்டு வைக்காதது என் தவறு. சரி செய்ய வேண்டியதும் நான்தான்.

பக்கத்திலேயே தெற்கு ஜன்னல். எங்கள் ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. சோழகம் என்கிற தென்காற்று வீசும் மாதங்களில் அந்த ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். ஸ்டிக்கைத் துடைத்த விரலை நாக்கில் வைத்தேன், உப்பு. சுவர்ப் பக்கமாக இருந்த பகுதியில் வார்னிஷ் ஒரு சாண் நீளத்துக்கு உரசி உதிர்ந்து, மரம் வெளுத்துத் தெரிந்தது. மறுபக்கம் வார்னிஷ் அப்படியே பளபளவென்று இருந்தது. ஒரு பக்கம் திறந்து கிடக்க, மறுபக்கம் மூடியிருந்தால் ஈரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறாது, இறங்காது. அதோடு சாய்ந்து நின்ற பாரம் வேறு.

முதலில் அளவு

வளைவை எடுக்கப் போகிறவர்கள் முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் ஆரம்பித்தால் நேற்றைக்கு இன்று தேவலையா இல்லையா என்றே தெரியாது.

ஜாயின்ட்டைக் கழற்றி இரண்டு துண்டையும் தனித்தனியாக உருட்டிப் பார்த்தேன். பல நேரம் மரம் நேராகத்தான் இருக்கும். ஜாயின்ட் உட்காரும் இடத்தில் தூசியோ பழைய பசையோ நின்று கோணலாகக் காட்டும். அப்படியிருந்தால் துடைத்தாலே போதும். இங்கே அப்படி இல்லை. கைப்பிடித் துண்டு நேர். வளைவு முழுவதும் முன்துண்டில், டிப்பிலிருந்து 14 அங்குலத்தில் உச்சம்.

இன்னொன்று. ஸ்டிக் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து போவதால், நேரான கம்புக்கும் மேசைக்கும் இடையில்கூடக் கொஞ்சம் வெளிச்சம் தெரியலாம். வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. உருட்டும்போது அந்த வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கைப்பிடி அடியில் தட்டையாகச் சீவியிருக்கும் ஸ்டிக் என்றால் அந்தப் பகுதி மேசைக்கு வெளியே இருக்கட்டும்.

அளவெடுக்க மீன்பிடிக்கிற தங்கூஸ் நரம்பைப் பிடித்தேன். முன்துண்டின் இரண்டு முனையிலும் 10 மில்லிமீட்டர் தடிமனான பிளைவுட் துண்டை வைத்து, அதன்மேல் நரம்பை இழுத்துக் கட்டினேன். உச்சத்தில் நரம்புக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் 17 மில்லிமீட்டர். கம்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபக்கம் அளந்தால் 4. இரண்டையும் கழித்தால் 13, அதில் பாதி ஆறரை. இப்படி இருபக்கமும் அளந்து பாதியாக்கும்போது கம்பு மெலிந்து போகிற கணக்கு தானாகக் கழிந்துவிடும். ஆறரை மில்லிமீட்டர் என்றால் ஆசாரி கணக்கில் ரெண்டு நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். கதவுச் சட்டத்தில் ரெண்டு நூல் பெரிய விஷயமில்லை. ஆனால் குறி பார்க்கிற கம்பில், கண்ணுக்குக் கீழே ரெண்டு நூல் வளைந்திருந்தால் பந்தை எங்கே அடிக்கிறோம் என்றே தெரியாது.

தொங்கவிட்டதும் தேய்த்ததும்

முதலில் எல்லோரும் சொல்வதைச் செய்தேன். டிப் பக்கம் மேலே இருக்குமாறு உத்திரத்தில் தொங்கவிட்டு, கீழே ஒரு கிலோ எடையைக் கட்டினேன். ஒரு வாரம் விட்டு அளந்தேன். ஆறரை. அசையவே இல்லை. நீளவாக்கில் இழுக்கிற ஒரு கிலோவுக்கு அவ்வளவு விறைப்பான மரத்தை நிமிர்த்தும் பலம் கிடையாது. தொங்கவிடுவது நேராக இருக்கும் ஸ்டிக்கை நேராகவே வைத்திருக்க நல்ல வழி. வளைந்ததை எடுக்க அது போதாது.

அடுத்து, தோல் துண்டால் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி, சூடு தணியுமுன் தொடையில் வைத்து எதிர்ப்பக்கமாக வளைத்துப் பிடிப்பது. கை தாங்குகிற சூடுதான் வரும், அதனால் மரத்துக்கு ஆபத்தில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தேன். அளந்தால் நாலு மில்லிமீட்டர்! சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. சுபுஹு தொழுகைக்கு விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அளந்தேன். ஐந்தே முக்கால். ராத்திரியோடு ராத்திரியாகப் பாதிக்கு மேல் திரும்பிப் போயிருந்தது.

ஓடாவியிடம் போனேன்

அப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில்தான் கிடக்கும். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஓய்வு, படகு தச்சர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எங்கள் பக்கத்தில் அவர்களை ஓடாவி என்போம். கரையில் ஒரு பெரிய ஓடாவி பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயது. வாப்பாவுக்குப் பழக்கம் என்பதால் நான் மாமா என்று கூப்பிடுவேன்.

நான் போனபோது ஒரு அயினி மரப் பலகையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்கு அடியில் பனை ஓலையைக் கொளுத்தி, மேலே பையன் ஒருவன் ஈரச் சாக்கால் ஒற்றிக்கொண்டே இருந்தான். ஒரு முனையைப் படகின் விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குக்காலோடு கட்டிவிட்டு, மறுமுனையில் போட்ட கயிற்றுக்குள் ஒரு கட்டையைச் சொருகி, ஓடாவி மாமா அரைச் சுற்று முறுக்குவார், நிறுத்துவார், பலகையில் காதை வைப்பார், மறுபடி அரைச் சுற்று. ஒன்றரை அங்குலத் தடிமன் பலகை கண் முன்னே படகின் வயிற்றோடு போய் ஒட்டியது. அவர் ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

ஸ்டிக்கை நீட்டினேன். வாங்கி, ஒரு கண்ணை மூடி, கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனையைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றினார். “ரெண்டு நூல்” என்றார். தங்கூஸ் கட்டி நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அதே ரெண்டு நூல்.

“சூடு காட்டுனியா?”

“தேய்ச்சுப் பார்த்தேன் மாமா. நிமிர்ந்துச்சு, காலையில திரும்பிடுச்சு.”

“திரும்பத்தான் செய்யும். பலகையை வளைச்சு அப்படியேவா விட்டுட்டுப் போறேன்? வங்குல ஆணி அடிச்சு வைக்கிறேன்ல. அது காஞ்சு உட்கார்ற வரைக்கும் புடிச்சு வைக்கணும். இது எப்படி வளைஞ்சுச்சு?”

சொன்னேன். சுவர், ஜன்னல், ஒன்றரை வருடம்.

“அப்ப ஒரு நாள்ல வளையல. ராத்திரி ஈரத்துல இளகும், பகல்ல காயும். அது சாஞ்சு நின்னுக்கிட்டே தினமும் இளகிக் காஞ்சிருக்கு. எந்த வழியில வந்துச்சோ அந்த வழியிலதான் திருப்பி அனுப்பணும். எதிர்ப்பக்கமா கட்டி வச்சு, அதே ஈரத்தையும் அதே காத்தையும் காட்டு.”

நான் அதுவரை மரத்தைச் சூட்டாலோ பலத்தாலோ நிமிர்த்தவேண்டிய பொருளாகத்தான் நினைத்திருந்தேன். மரம் சும்மா பாரம் தாங்கினால் கொஞ்சம் வளையும். பாரத்தை எடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பாரமும் இருந்து, ஈரமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால்தான் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் மயிரிழை மயிரிழையாக நிரந்தரமாக வளையும். மர ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: ஈரம் மாறாத இடத்தில் நிற்கும் மரத்தைவிட, ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் பாரம் தாங்கும் மரம் பல மடங்கு அதிகமாக வளைகிறது. பரணில் அரிசி மூட்டை ஏற்றிய பலகை கடலோர வீடுகளில் ஏன் அவ்வளவு சீக்கிரம் தொய்கிறது என்பதும் அன்றுதான் விளங்கியது.

இது எந்த ஊர் விளையாட்டு என்று மாமா கேட்டார். ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் ஆரம்பித்தது, பிறகு நம்ம ஊட்டி கிளப்பில்தான் அதற்கு விதி எழுதினார்கள் என்று சொன்னேன். “ஊட்டியில இதைவிட ஈரமாச்சே” என்று சொல்லி, கம்பை மறுபடி சுற்றிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மரம் என்றும் சொன்னார். ஆஷ் மரத்தில் இழை ஓட்டம் வெளிப்படையாகத் தெரியும். அம்பு முனை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள் டிப்பை நோக்கி ஓடும். இந்தக் கம்பில் வளைந்த இடத்தில் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் ஒருபக்கமாகச் சரிகிறது. இழை நேராக ஓடாத இடத்தைத்தான் ஈரம் முதலில் பிடித்திருக்கிறது.

கட்டி வைத்த விதம்

அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வெட்டி மிஞ்சிய ரெண்டுக்கு ஒன்று பாக்ஸ் பைப், ஐந்தடி நீளம் வாங்கினேன். அதை நூல் பிடித்து நேர் பார்த்துக்கொண்டேன். ஒரு அங்குல உயரத்தில் இரண்டு மரக்கட்டை, மேலே ‘வி’ வடிவில் பள்ளம் வெட்டி, பழைய ரப்பர் செருப்பிலிருந்து மெத்தை. ஒரு கட்டை டிப்பிலிருந்து மூன்று அங்குலத்தில், இன்னொன்று முப்பதில். வளைவின் முதுகு மேல்நோக்கி இருக்கும்படி கம்பைக் கட்டைகள்மேல் படுக்கவைத்து, உச்சத்தில் அகலமான பருத்தி நாடாவைப் பைப்போடு சேர்த்துச் சுற்றினேன். நைலான் கயிறு வேண்டாம், மரத்தில் தழும்பு விழும். நாடாவுக்குள் ஒரு பென்சில் கட்டையைச் சொருகி, ஓடாவி மாமா முறுக்கியது போலவே முறுக்கினால் கம்பு பைப்பை நோக்கி இறங்கும்.

கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை நீராவி. குக்கரில் தண்ணீர் மட்டும் ஊற்றி, வெயிட்டை எடுத்துவிட்டால் துவாரத்தில் ஆவி ஒரே நூலாகப் பீறிடும். வளைந்த இடத்தில் ஈரத் துணியைச் சுற்றி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உருட்டிக்கொண்டே மூன்று நிமிடம். படகுப் பலகைக்குக் காட்டும் சூடெல்லாம் இதற்கு ஆகாது. பெருவிரல்கூடத் தடிமன் இல்லாத கம்பு இது.

இங்கே ஒரு சேதம். ஆவி நான் நினைத்ததைவிடத் தூரம் பாய்ந்து பூணைச் சுட்டுவிட்டது. பித்தளை சூட்டைச் சட்டென்று வாங்கி வைத்துக்கொள்ளும். டிப்பை ஒட்டியிருந்த பசை இளகி, டிப் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, பூண் அசையவில்லை. செய்கிறவர்கள் பூணுக்கும் ஜாயின்ட்டுக்கும் காய்ந்த துண்டைத் தடிமனாகச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஜாயின்ட் பக்கம் சூடு போனால் உள்ளே பித்தளை ஆணியைப் பிடித்திருக்கும் பசையும் போகும். அது டிப்பைப் போல ஒட்டி முடிக்கிற வேலையில்லை.

கட்டியபின் நேர்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாக ரெண்டு நூல் இறக்கினேன். ஒரே மூச்சில் இல்லை. ஒரு நாளைக்குக் கால் சுற்று வீதம் ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் கம்பில் காதை வைத்துக் கேட்டேன். ‘சிட்’டென்று ஒரு சத்தம் வந்தாலும் நிறுத்திவிட வேண்டும், அது இழை பிய்கிற சத்தம். வரவில்லை.

அப்புறம் தினமும் ஒரே வழக்கம். ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு பைப்போடு தெற்கு ஜன்னல் திண்டில். காலையில் தொட்டால் நாடா சிலுசிலுவென்றிருக்கும். பத்து மணிக்கு மேல் மாடியில், ஷீட் நிழலில். அங்கே பகல் முழுக்க அனல். நேர் வெயிலில் வைக்கக் கூடாது, வெயில் படுகிற பக்கம் மட்டும் காய்ந்து புது வளைவு விழும். “புள்ளையத் தூக்குற மாதிரி மாடிக்கும் கீழுக்கும் தூக்கிட்டு அலையிறியே” என்றார் உம்மா. நான் ராமநாதபுரம் போன இரண்டு நாள் உம்மாவேதான் தூக்கி வைத்தார்.

ஏழாம் நாள் அவிழ்த்து, ஓர் இரவு சும்மா விட்டு அளந்தேன்: ஐந்து. இந்தத் தடவை மறுநாளும் ஐந்து, அதற்கு மறுநாளும் ஐந்து. திரும்பிப் போகவில்லை!

பதினேழாம் நாள் மூன்றரை. ஆனால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது பக்கவாட்டில் லேசாக ஒரு புதுக் கோணல். கம்பு உருண்டை என்பதால் நாடாவுக்குள் கொஞ்சம் சுழன்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு வளைவின் முதுகில் நீளவாக்கில் மெல்லிய பேப்பர் டேப் ஒட்டி, தினமும் அது நேர் மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பக்கவாட்டுக் கோணலை எடுக்க நாலு நாள் தனியாகப் போனது. இருபத்தெட்டாம் நாள் ரெண்டு மில்லிமீட்டர். நாற்பதாம் நாள் ஒன்று. அத்தோடு அவிழ்த்துவிட்டேன். ஒரு வாரம் படுக்க வைத்து எடுத்தபோது ஒன்றரையில் நின்றிருந்தது. அரை நூல்தான். இன்னும் எடுக்கலாம் என்று கை துறுதுறுத்தது, மாமா விடவில்லை. “அரை நூலுக்கு ஆசைப்பட்டு அந்தப் பக்கம் வளைச்சிராத” என்றார்.

மேல் பூச்சு

ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்த வார்னிஷ்தான் இதற்கெல்லாம் ஆரம்பம் என்பதால் அதை அப்படியே விட முடியாது. 400 நம்பர் உப்புத்தாளால் வார்னிஷை மட்டும் எடுத்து, 800-இல் முடித்தேன். கரடான தாளைத் தொடவே கூடாது. கம்பு கால் மில்லிமீட்டர் மெலிந்தாலும் அடிக்கும்போது வித்தியாசம் கைக்குத் தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை. உம்மா தேங்காயெண்ணெய் என்றார். அது எத்தனை நாளானாலும் காயாது, கையில் பிசுபிசுக்கும். மாமா படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை ஒரு பாட்டிலில் கொடுத்தார். மரத்துக்கு நல்லதுதான், ஆனால் அந்த வாசனையோடு கம்பில் கன்னத்தை ஒட்டிக் குறி பார்க்க முடியாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயில்தான் சரி. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். நாலைந்து சொட்டைத் துணியில் விட்டு உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி. நாலு கை. வெட்டிய முனை வழியாகத்தான் ஈரம் அதிகம் ஏறும் என்பதால், புது டிப் ஒட்டுவதற்கு முன் பூணுக்குள் தெரிந்த மரத்தில் ஒட்டுப் பசையையே மெல்லப் பூசி அடைத்தேன்.

அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் ஆயில் இறுகும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வைக்க மூன்று அங்குல பிவிசி குழாய், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு. படுக்கைவாக்கில்தான் இருக்கும். சுவர் பக்கமே போவதில்லை.

பெருநாளைக்கு மூன்று நாள் முன்னால் காக்கா வந்தார். பையை வைத்ததும் ஸ்டிக்கைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த அரை நூல் அவர் கண்ணிலும் பட்டுவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்து, மிச்ச வளைவின் முதுகு எந்தப் பக்கமோ அதே நேரில் கைப்பிடியில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். புள்ளி மேலே இருக்கப் பிடித்தால் அந்த வளைவு மேல்கீழாகத்தான் நிற்கும், இடம் வலமாக விலகாது, குறி தப்பாது. அன்றைக்கு ராத்திரி ஊருக்குள் இருக்கிற ஒரே பூல் மேசையில் அந்தப் புள்ளியை மேலே வைத்து ஏழு பந்தை வரிசையாகப் போட்டார்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடை மழை முழுக்க ஸ்டிக் குழாய்க்குள் இருந்தது. சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை சட்டியில் வறட்டிப் போட்டேன். பொங்கலுக்கு மறுநாள் நரம்பு கட்டி அளந்தேன். ஒன்றே முக்கால். குழாய் மூடியின் உட்புறம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் அடுத்த அளவு.